பரணில் தூங்கும் ‘டிக் டிக்’ கீபோர்டு

ஏற்காட்டில் மழை மாதங்களில் ஜன்னலைத் திறந்தால் மேகமே வீட்டுக்குள் வந்துவிடும். துணி காயவே 2 நாளாகும். அங்கே உங்கள் வீட்டுப் பரணில் பழைய ஐ.பி.எம். கீபோர்டு கிடக்கிறதா? காயலான் கடையில் போடும் முன் தூக்கிப் பாருங்கள். சுமார் 2 கிலோ கனத்தால், அது 1985-ல் வந்த ‘மாடல் எம்’ ஆக இருக்கலாம்.

இன்றைய சாதாரண கீபோர்டில் எல்லா எழுத்துக்கும் அடியில் ஒரே ரப்பர் விரிப்புதான். இதிலோ ஒவ்வொரு கீக்கும் தனி ஸ்பிரிங். அழுத்தினால் ஸ்பிரிங் முதலில் சுருங்கும். பிறகு சட்டென்று பக்கவாட்டில் மடங்கும். உடனே அடியிலுள்ள குட்டிச் சுத்தியல் சாய்ந்து, மின்தடம் பதித்த பிளாஸ்டிக் தாள்களை ஒன்றையொன்று தொடவைக்கும். எழுத்து விழும்போதே ‘டிக்’ சத்தமும் வரும். திரையைப் பார்க்காமலே விரலுக்குத் தெரிந்துவிடும். டைப்ரைட்டிங் பழகியவர்களுக்கு இந்தச் சுகம் புரியும்.

இதற்கு எதிரி ஈரம். ஸ்பிரிங்கும் அடித்தகடும் துருப்பிடிக்கும். அடுக்குகளைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் ரிவெட்டுகளும் வயதானால் உடையும். அங்கே சிறிய போல்ட் போட்டுச் சரிசெய்யலாம். கீ மூடிகளை மேலே இழுத்துக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் கழுவி, ஈரம் துளியும் இல்லாமல் காயவைத்து மாட்டுங்கள். எழுத்துகள் எளிதில் அழியாது. புதுக் கம்ப்யூட்டரில் இணைக்க ஒரு கன்வெர்ட்டர் வேண்டும்.

திரும்பவும் பரணில்தான் வைப்பீர்களானால், ஷூ பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் இரண்டைச் சேர்த்துப் பையில் கட்டி வையுங்கள்.