மொட்டை மரங்களையும் பாருங்கள்

தேக்கடிக்குச் சென்று திரும்பிய மாணவரைக் கேட்டுப் பாருங்கள். "யானை தெரிந்தது" என்றால் மகிழ்ச்சி. "ஒன்றும் தெரியவில்லை" என்றால் சலிப்பு. படகுக் கட்டணம் பயன்பட்டதா என்பதை யானைகளை எண்ணியே முடிவு செய்கிறோம். இது முறைதானா, நண்பர்களே?

படகு செல்லும் வழியெங்கும் நீருக்கு மேலே கருத்த மொட்டை மரங்கள் நிற்கின்றனவே, அவற்றை ஏன் ஒருவரும் பேசுவதில்லை? தேக்கடி ஏரி இயற்கை ஈந்த ஏரி அன்று. 1887இல் தொடங்கி 1895இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணை தேக்கிய நீர் அது. மேற்கே ஓடிய ஆற்றின் நீரை மலையைக் குடைந்து கிழக்கே வைகைக்குத் திருப்பினார்கள். பள்ளத்தாக்குக் காடு மூழ்கியது. அதன் மிச்சமே அம்மரங்கள். கோட்டைக்கும் கோயிலுக்கும் மட்டுமா இடிபாடு உண்டு? காட்டுக்கும் உண்டு.

நான் தாவரவியல் மாணவன். மரத்தை மக்கச் செய்யும் காளான்களுக்குப் பிராணவாயு வேண்டும். நீருக்கடியில் அது குறைவு. ஆகவே மூழ்கிய அடிமரம் எளிதில் மக்குவதில்லை. நூற்றாண்டு கடந்தும் நிற்கும் அம்மரங்களில் நீர்க்காகமும் பாம்புத்தாராவும் கூடு கட்டுகின்றன. செத்த காடு உயிருள்ள பறவைக்கு வீடாகிறது! யானை வராத நாளிலும் இக்காட்சி உண்டு.

யானைக்காக முண்டியடிப்பதில் ஆபத்தும் உண்டு. 2009 செப்டம்பர் 30ஆம் நாள் அங்கே படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். அளவுக்கு மீறி ஆள் ஏற்றியதும், விலங்கைக் காண மக்கள் ஒரே பக்கம் திரண்டதும் காரணங்களாகக் கூறப்பட்டன.

கம்பத்தில் பிறந்த எனக்கு அந்நீர் வயலுக்கு உயிர். பாலக்காட்டில் வளர்ந்த எனக்கு அணைக்குக் கீழே வாழ்வோரின் அச்சமும் தெரியும். இரு பக்கத்துக் கூச்சலையும் கேட்டுவிட்டேன். கூச்சலிடுவோரில் எத்தனை பேர் அந்த நீரை நின்று பார்த்தவர்கள்? பென்னிகுயிக்கின் பெயரைப் போற்றுகிறோம்; போற்றத்தான் வேண்டும். காய்ச்சலில் மாண்ட கூலித் தொழிலாளரின் பெயர்களை யார் போற்றுகிறார்கள்?

நம் சங்கம் அடுத்த முறை தேக்கடி செல்லுமானால், முதல் நாள் மாலை இந்த வரலாற்றைப் பேசிவிட்டுச் செல்லட்டும். படகில் அவரவர் இடத்தில் அமர்ந்து மரங்களைப் பாருங்கள். நம் வயல் விளைய ஒரு காடு மூழ்கியது. மனிதர் பலர் மடிந்தனர். இதை உணர்ந்தவன் அணையைப் பற்றிப் பேசட்டும். அவன் பேச்சில் ஆத்திரம் குறையும், பொறுப்பு மிகும்.