நியூமனின் கல்லறையும் திருச்சபையின் நினைவும்

இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரின் புறப்பகுதியில் ரெட்னல் என்றோர் இடம் இருக்கிறது. 1890 ஆகஸ்டில் கர்தினால் ஜான் ஹென்றி நியூமன் இறந்தபோது, அங்குள்ள சிறிய கல்லறைத் தோட்டத்தில்தான் அவரை அடக்கம் செய்தார்கள். அவருக்கென்று தனிக் கல்லறை எழுப்பவில்லை. 15 ஆண்டுகளுக்கு முன் இறந்திருந்த அருள்தந்தை அம்புரோஸ் செயின்ட் ஜானின் கல்லறையிலேயே அவரையும் வைத்தார்கள். அது நியூமனே இட்ட கட்டளை. 1876இல் கைப்பட எழுதிவைத்தார். 1881இல் அதே தாளில், இதில் மாற்றமில்லை என்று மறுபடியும் உறுதி செய்தார்.

இருவரும் 32 ஆண்டுகள் ஒன்றாக வாழ்ந்தவர்கள். 1845இல், ஒருவர் பின் ஒருவராகச் சில நாட்கள் இடைவெளியில், ஆங்கிலிக்கன் சபையை விட்டுக் கத்தோலிக்கர்களானார்கள். சேர்ந்தே ரோமுக்குப் போய்ப் படித்தார்கள். திரும்பி வந்து பர்மிங்ஹாமில் துறவு இல்லம் நடத்தினார்கள். திருத்தந்தையின் தவறா வரம் பற்றிய ஜெர்மன் நூலொன்றை மொழிபெயர்த்துக் கொடுத்த கையோடு, உழைப்பின் களைப்பில் நோயில் விழுந்தார் அம்புரோஸ். 1875 மே மாதம் அவர் இறந்தார். அப்போது நியூமனுக்கு 74 வயது. கணவனையோ மனைவியையோ இழப்பதுதான் உலகத்துத் துயரங்களிலேயே பெரிது என்று எண்ணியிருந்தேன், என்னுடையதைவிடப் பெரிய துயரம் ஒன்று இருக்க முடியும் என்று இப்போது நம்ப முடியவில்லை என்ற பொருள்பட ஒரு கடிதத்தில் எழுதினார்.

2008இல் அந்தக் கல்லறையைத் தோண்டினார்கள். நியூமனுக்கு அருளாளர் பட்டம் வழங்கும் ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது; மக்கள் வந்து வணங்க வசதியாக அவரது எலும்புகளை பர்மிங்ஹாம் ஆலயத்துக்குக் கொண்டுபோவது திட்டம். சேர்ந்திருக்க விரும்பியவர்களைப் பிரிப்பது முறையா என்று தன்பாலீர்ப்பாளர் உரிமை இயக்கத்தினர் கேட்டார்கள். பிரிப்பது நோக்கமல்ல, அவர் மணத்துறவைக் காத்த குரு என்று திருச்சபைத் தரப்பு பதில் சொன்னது. மண்வெட்டி கீழே இறங்கியபோது எடுத்துப் போக எலும்பு எதுவுமே இல்லை. ஈரமண்ணில் உடல் மக்கிப்போய், பெயர் பொறித்த பித்தளைத் தகடும் மரம், துணித் துண்டுகள் சிலவும்தான் மிஞ்சியிருந்தன. 2019இல் நியூமன் புனிதரானார். 2025 நவம்பரில் மறைவல்லுநர் என்ற அரிய பட்டமும் அவருக்குக் கிடைத்தது.

நியூமன் தன்பாலீர்ப்பாளரா என்ற கேள்விக்கு ஆம் என்றோ இல்லை என்றோ அடித்துச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. இன்றைய அடையாளங்களை 19ஆம் நூற்றாண்டுத் துறவியின் சட்டையில் குத்துவது நியாயமாகாது. அவர் மணத்துறவை மீறினார் என்று நினைக்கவும் ஆதாரமில்லை. ஆனால், ஓர் ஆணின் வாழ்க்கைக்கு மற்றோர் ஆண் மையமாக இருந்தார் என்பதற்குக் கடிதமும் கல்லறையும் சாட்சி. இந்தச் சாட்சியத்தை ‘வெறும் நட்பு’ என்று ஒதுக்கிவிட்டுப் புனிதரின் வரலாற்றைச் சொல்வது பாதி வரலாறுதான். இப்படி ஒதுக்கப்பட்ட பாதிகள் கிறிஸ்தவ வரலாற்றில் நிறைய இருக்கின்றன.

12ஆம் நூற்றாண்டு ஏல்ரெட்டை எடுத்துக்கொள்ளலாம். ஸ்காட்லாந்து மன்னர் முதலாம் டேவிட்டின் அரண்மனையில் வளர்ந்து, யார்க்‌ஷயரில் ரீவோ என்னும் சிஸ்டெர்சியன் மடத்தில் சேர்ந்து, 1147இல் அதன் தலைவரானவர். நட்பே கடவுளை அடையும் வழி என்று உரையாடல் வடிவில் ஒரு நூலே எழுதினார். விவிலியத்தின் நண்பர்களான தாவீதும் யோனத்தானும் அதில் வருகிறார்கள். இளந்துறவி சைமன் இறந்தபோது, தான் எழுதிக்கொண்டிருந்த இறையியல் நூலின் ஓட்டத்தை நிறுத்தி, பக்கம் பக்கமாகப் புலம்பி வைத்திருக்கிறார்.

அவரோடு 17 ஆண்டுகள் இருந்த வால்ட்டர் டேனியல் என்ற துறவி அவரது வாழ்க்கை வரலாற்றை எழுதினார். கடைசிப் பத்தாண்டுகளில் மூட்டுவலி ஏல்ரெட்டை முடக்கிவிட, மருத்துவ அறையை ஒட்டிய குடிலில்தான் வாசம். ஒரு நாளைக்கு இருபது, முப்பது துறவிகள் வந்து அவர் கட்டிலைச் சுற்றி உட்கார்வார்கள், சாய்ந்துகொள்வார்கள், மனம்விட்டுப் பேசுவார்கள். ஒருவர் கையை ஒருவர் பிடித்தாலே மற்ற மடங்களின் தலைவர்கள் சீறுவார்கள். ஏல்ரெட் அப்படிச் சீறியதில்லை என்று வால்ட்டர் பதிவு செய்கிறார். அதே ஏல்ரெட் இளமையில் உடலின் வேட்கையை அடக்க, யாரும் அறியாமல் குளிர்ந்த நீரில் மூழ்கிக் கிடந்ததையும் வால்ட்டரே எழுதுகிறார். இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். தன்னை அவ்வளவு கடுமையாக ஒடுக்கிக்கொண்டவர், பிறரின் அன்பை ஒடுக்க மறுத்தார். இந்தத் தாராளம் எனக்கு எந்த இறையியல் வாதத்தையும்விடப் பெரிதாகத் தெரிகிறது.

துறவிகளிடம் மட்டும்தான் இத்தகைய நெருக்கம் என்றில்லை. 1391இல் கான்ஸ்டான்டிநோபிள் அருகே ஜான் கிளான்வோ என்ற ஆங்கிலப் பிரபு இறந்தார். பக்தி நூல் எழுதியவர். துயரம் தாளாமல் அவரது தோழர் வில்லியம் நெவில் உணவை மறுத்துச் சில நாட்களில் உயிர்விட்டதாக அக்காலத்து வெஸ்ட்மின்ஸ்டர் குறிப்பேடு சொல்கிறது. இருவரின் கல்லறைக் கல் இன்று இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரண்டு தலைக்கவசங்கள் முத்தமிடுவதுபோல் எதிரெதிரே நிற்கின்றன. கீழே, தம்பதியருக்குச் செய்வதைப் போல, இருவரின் குலச்சின்னங்களும் ஒவ்வொரு கேடயத்திலும் பாதிப் பாதியாக இணைக்கப்பட்டிருக்கின்றன. அந்தக் கல் கிடைத்தது டொமினிக்கன் சபையார் கட்டிய ஆலயத்தில்.

பெண்களுக்கு இந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. இத்தாலியின் பெஷியா ஊரில் கன்னியர் மடத் தலைவியாக இருந்த பெனெதெத்தா கார்லினியின் கதை நமக்குத் தெரிவதே விசாரணைக் கோப்பு ஒன்றின் வழியாகத்தான். காட்சிகள் கண்டதாகவும் கிறிஸ்துவின் ஐந்து காயங்களைப் பெற்றதாகவும் சொன்ன அவரை விசாரிக்க வந்தவர்களிடம், உடனிருந்த இளங்கன்னி பர்த்தலோமியா தங்களுக்குள் இருந்த உடலுறவைப் பற்றிச் சொன்னார். அந்த இடத்தில் எழுத்தரின் கையெழுத்து நிலைகுலைந்து போயிருப்பதாக, ஃப்ளாரன்ஸ் ஆவணக் காப்பகத்தில் இந்தக் கோப்பைக் கண்டெடுத்து 1986இல் நூலாக்கிய வரலாற்றாசிரியர் ஜூடித் பிரவுன் சொல்கிறார். பர்த்தலோமியா வற்புறுத்தப்பட்டதாகவே வாக்குமூலம் கூறுவதால் இதை இனிய காதல் கதையாக்க முடியாது. பெனெதெத்தா சுமார் 35 ஆண்டுகள் மடத்துச் சிறையிலேயே கிடந்து 1661இல் இறந்தார். ஆண்கள் கடிதம் எழுதினார்கள், கல் நாட்டினார்கள். இந்தப் பெண்களின் நெருக்கத்தை விசாரணைக்காரர்கள்தான் எழுதிவைத்தார்கள்.

கொடுமையை மறைக்கவும் கூடாது. 1049ஐ ஒட்டி பீட்டர் தமியான், தன்பால் உறவில் ஈடுபட்ட குருக்களைப் பதவி நீக்க வேண்டும் என்று திருத்தந்தை ஒன்பதாம் லியோவுக்கு ஒரு முழு நூலையே அனுப்பினார். லியோ அவரைப் பாராட்டினாலும், எல்லோரையும் நீக்கும் யோசனையை ஏற்கவில்லை. 1179இல் மூன்றாம் லாத்தரன் சங்கம் கடுமையை விதியாக்கியது. 1533இல் எட்டாம் ஹென்றியின் நாடாளுமன்றம், அதுவரை சமய நீதிமன்றம் விசாரித்துவந்த பாவத்தைத் தூக்குத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. அந்த மரபில் வந்ததுதான் 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவு. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் அதன் பல்லைப் பிடுங்கியது. இலங்கையில் தன்பால் உறவைத் தண்டிக்கும் 365, 365அ பிரிவுகள் சட்டப் புத்தகத்தில் இன்னும் இருக்கின்றன.

பீட்டர் தமியானும் மறைவல்லுநர், நியூமனும் மறைவல்லுநர். இரண்டாயிரம் ஆண்டுகளாகத் திருச்சபை ஒரே குரலில் பேசிவந்தது என்பவர்களிடம் இந்த இரு பெயர்களையும் அருகருகே வைத்துக் காட்டலாம். 2023 டிசம்பரில் வத்திக்கான், தன்பால் இணையருக்குக் குருக்கள் ஆசி வழங்கலாம் என்றது, திருமணமாக அல்ல. எதிர்ப்பு கிளம்பியதும், அந்த ஆசி பத்துப் பதினைந்து வினாடிக்கு மேல் போகாது என்று விளக்கமும் தந்தது. பெரும்பாலான ஆப்பிரிக்க ஆயர்கள் அதையும் மறுத்துவிட்டார்கள்.

தமிழ்நாட்டில் பேச்சு வேறு இடத்தில் தொடங்க வேண்டும். தன்பாலீர்ப்பை ‘மாற்றும்’ சிகிச்சைகளுக்கு 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அந்த உத்தரவின் உணர்வு, ஜெபத்தால் மாற்றிக் காட்டுகிறோம் என்று பெற்றோரை அழைக்கும் கூட்டங்களுக்கும் எட்ட வேண்டும். ஒரு பிள்ளை பங்குத் தந்தையிடமோ போதகரிடமோ தயங்கித் தயங்கித் தன்னைப் பற்றிச் சொல்லும்போது, பேய் பிடித்திருக்கிறது என்று உபவாசத்துக்கு அனுப்பக் கூடாது. குருமடங்களிலும் இறையியல் கல்லூரிகளிலும் திருச்சபை வரலாறு நடத்துபவர்கள், ஏல்ரெட்டையும் அம்புரோஸையும் முழுமையாக நடத்தட்டும். அதற்கு எந்தக் கோட்பாட்டையும் திருத்த வேண்டியதில்லை, ரோமின் அனுமதியும் தேவையில்லை. நூல்கள் அச்சில்தான் இருக்கின்றன.