வரவிருந்த தீர்க்கதரிசி யார்? வாதம் வேறு, வசை வேறு

விவிலியம் முன்னறிவித்த தீர்க்கதரிசி யார் என்னும் கேள்வி புதியதன்று. பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாகக் கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் இக்கேள்வியின் இரு கரைகளில் நின்று வாதித்து வந்திருக்கின்றனர். இன்று அவ்வாதம் தமிழ் மொழியில் எமது வாசல்வரை வந்து நிற்கின்றது. முன்னர் துண்டுப்பிரசுரமாகவும் ஒளிநாடாவாகவும் வந்தது, இப்போது கைத்தொலைபேசியில் வருகின்றது. “உங்கள் வேதமே எங்கள் நபியைச் சொல்கின்றது, நீங்கள்தான் மறைத்துவிட்டீர்கள்” என்கின்றது ஒரு குரல். “எங்கள் நூலைக் களவாடி உங்கள் நபிக்குச் சான்று தேடுகின்றீர்கள்” என்கின்றது மறுகுரல்.

மார்க்கம் நகரின் பெயரைத் தமிழில் எழுதினால் அது நெறி என்றும் சமயம் என்றும் பொருள்படும். தமிழ் பேசும் முஸ்லிம்கள் தமது சமயத்தை அச்சொல்லாலேயே குறிப்பர். வன்னியின் பெயரைத் தாங்கிய வீதி ஒன்றும் உள்ள இந்நகரில் சைவர், கத்தோலிக்கர், புரட்டஸ்தாந்தர், முஸ்லிம்கள் அனைவரும் ஒரே பாடசாலைக்குப் பிள்ளைகளை அனுப்பி, ஒரே கடையில் மரக்கறி வாங்கி வாழ்கின்றோம். ஆகவே இவ்வாதம் எவ்வாறு நடத்தப்படுகின்றது என்பது எம்மெல்லோரையும் பாதிக்கும் விடயமாகும்.

இரு சமயங்களுள் எதன் விளக்கம் சரியானது எனத் தீர்ப்பளிப்பது எமது நோக்கமன்று. அது அவரவர் விசுவாசத்தைச் சார்ந்தது. நாம் வலியுறுத்த விரும்புவது ஒன்றே. பிறரது வேதத்தைத் தன் நம்பிக்கையின் ஒளியில் வாசிப்பது எவருக்கும் உள்ள உரிமை. ஆனால் அவ்வேதத்தைப் பேணி வந்தோரைச் சான்றின்றிப் பொய்யர் என்றும் புரட்டர் என்றும் பழிப்பது எவருக்கும் உரிமையன்று.

முதலில் வாதத்தின் உள்ளடக்கத்தைப் பார்ப்போம். பழைய ஏற்பாட்டின் உபாகமம் 18ஆம் அதிகாரத்தில், தம்மைப் போன்ற ஒரு தீர்க்கதரிசியை இறைவன் எழுப்புவார் என்று மோசே இஸ்ரவேல் மக்களுக்குக் கூறுகின்றார். அவர் “சகோதரர்” நடுவிலிருந்து தோன்றுவார் என்பது அவ்வாக்கு. இஸ்ரவேலரின் மூதாதை ஈசாக்கு. அவருடைய சகோதரர் இஸ்மவேல். இஸ்மவேலின் வழிவந்தோர் அரபியர். எனவே அவ்வாக்கு முகம்மது நபியவர்களையே குறிக்கும் என்பது முஸ்லிம் அறிஞர்களின் விளக்கம். மோசேயைப் போலவே முகம்மது நபியும் சட்டம் வழங்கினார், மக்களை வழிநடத்தினார், இடம்பெயர்ந்தார் என்று அவர்கள் ஒப்புமை காட்டுவர். உபாகமமே ஏதோமியரை இஸ்ரவேலரின் சகோதரர் என்று அழைப்பதையும் எடுத்துரைப்பர்.

கிறிஸ்தவர்களின் மறுமொழியும் அதே நூலிலிருந்தே வருகின்றது. அதற்கு முந்திய 17ஆம் அதிகாரத்தில் அரசனைச் சகோதரருள் ஒருவனாகத் தெரிந்தெடுக்க வேண்டும், அந்நியனை ஏற்படுத்தலாகாது என்ற கட்டளை உண்டு. அங்கே சகோதரர் என்பது இஸ்ரவேலரையே குறிப்பதால் இங்கும் அதுவே பொருள் என்பர். அப்போஸ்தலர் நடபடிகள் 3ஆம், 7ஆம் அதிகாரங்களில் பேதுருவும் ஸ்தேவானும் இதே வாக்கை எடுத்துரைக்கின்றனர். அது இயேசுநாதரில் நிறைவேறியது என்பதே திருச்சபையின் போதனை.

இரண்டாவது பகுதி யோவான் நற்செய்தியின் 14 முதல் 16 வரையான அதிகாரங்களில் உள்ளது. தாம் போனபின் வேறொருவர் அனுப்பப்படுவார் என்று இயேசு சீடருக்கு உறுதியளிக்கின்றார். கிரேக்க மூலத்தில் அவருக்கு வழங்கப்பட்ட பெயர் “பராக்கிளீத்தோஸ்”. அச்சொல்லைத் தமிழாக்கிய புரட்டஸ்தாந்தர் “தேற்றரவாளன்” என்றனர். 1995இல் வெளிவந்த திருவிவிலியம் “துணையாளர்” என்கின்றது. ஆறுதல் தருபவர், துணைநிற்பவர், பரிந்து பேசுபவர் என்ற பொருள்கள் யாவும் அம்மூலச் சொல்லில் அடங்கும். யோவானின் முதலாம் திருமுகத்தில் இயேசுவே அச்சொல்லால் குறிக்கப்படுகின்றார்.

குர்ஆனின் 61ஆம் அத்தியாயம் 6ஆம் வசனத்தில், தமக்குப்பின் அஹ்மத் என்னும் பெயருடைய தூதர் வருவார் என்று ஈசா நபி நற்செய்தி கூறியதாக வருகின்றது. அஹ்மத், முகம்மது ஆகிய இரு பெயர்களும் புகழ்தல் என்னும் பொருள்தரும் ஒரே அரபு வேரிலிருந்து பிறந்தவை. எனவே யோவான் கூறும் தேற்றரவாளர் முகம்மது நபியே என்பது முஸ்லிம்களின் நம்பிக்கை. தாமாகப் பேசாது தாம் கேட்டதையே அவர் பேசுவார் என்று யோவான் கூறுவது, வஹீயைப் பெற்றுரைத்த நபிக்கே பொருந்தும் என்பர். கிறிஸ்தவரோ, அவர் பரிசுத்த ஆவியே என்று அதே 14ஆம் அதிகாரம் வெளிப்படையாகச் சொல்கின்றதே என்பர். உலகம் அவரைக் காணாது, அவர் சீடருக்குள் இருப்பார் என்ற சொற்கள் மனிதர் ஒருவருக்குப் பொருந்தா என்பர்.

இவ்விடத்தில் இருதரப்பாரும் நேர்மையுடன் ஏற்கவேண்டிய சில உண்மைகள் உள. மூலச்சொல் “பெரிக்ளூத்தோஸ்”, அதாவது புகழப்பட்டவர், என்றே இருந்தது, கிறிஸ்தவர்கள் பின்னர் மாற்றிவிட்டனர் என்று சிலர் மேடைதோறும் முழங்குவர். நபியவர்கள் பிறப்பதற்கு முன்னரே எழுதப்பட்ட கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகள் இன்று கிடைத்துள்ளன. அவற்றுள் எதிலும் அச்சொல் இல்லை. இஸ்லாம் தோன்றுமுன் எழுதியவர்கள் இஸ்லாத்தை மறைப்பதற்காக ஒரு சொல்லை மாற்றியிருக்க முடியாது. முஸ்லிம் விளக்கம் இந்தக் குற்றச்சாட்டின் மேல் தங்கியிருக்கவும் இல்லை. கி.பி. 8ஆம் நூற்றாண்டில் நபியின் வரலாற்றை எழுதிய இப்னு இஸ்ஹாக், யோவானின் இப்பகுதியை எடுத்தாண்டபோது “முனஹ்ஹமனா” என்ற சிரியச் சொல்லையே தந்தார். தேற்றுபவர் என்பதே அதன் பொருள்.

மறுபுறத்தில், முஸ்லிம்களின் இவ்விளக்கம் நேற்று முளைத்த குதர்க்கம் என்று கிறிஸ்தவர் சிலர் எள்ளுவதும் தவறாகும். அது இஸ்லாத்தின் ஆரம்ப நூற்றாண்டுகளிலிருந்தே வருவது. தமிழிலும் அந்நம்பிக்கைக்கு நீண்ட வேர் உண்டு. உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் புகைறா கண்ட படலம் என்றொரு பகுதி உள்ளது. சிறுவரான நபியைக் கண்டு, முந்திய வேதங்கள் கூறிய அடையாளங்களால் அவரை இனங்கண்ட கிறிஸ்தவத் துறவி ஒருவரின் வரலாறு அது. அங்கே கிறிஸ்தவத் துறவி பகைவராக வரவில்லை, உண்மையறிந்த பெரியவராகவே வருகின்றார். தமிழ்க் கிறிஸ்தவருக்கு வீரமாமுனிவரின் தேம்பாவணி எவ்வாறோ, தமிழ் முஸ்லிம்களுக்குச் சீறாப்புராணம் அவ்வாறு. இரண்டும் எமது மொழியின் செல்வங்கள்.

இவ்வழக்கில் மூன்றாவது தரப்பு ஒன்றும் உண்டு. அந்நூலை முதலில் உடையவர்கள் யூதர்கள். இயேசுவின் காலத்திலேயே அத்தீர்க்கதரிசியின் வரவை அவர்கள் எதிர்பார்த்திருந்தனர் என்பது யோவான் நற்செய்தியின் முதலாம் அதிகாரத்திலேயே தெரிகின்றது. கும்ரான் குகைகளிற் கிடைத்த ஏடொன்றிலும் உபாகமத்தின் அவ்வாக்கு எடுத்தெழுதப்பட்டுள்ளது. 1172இல் யேமன் நாட்டு யூதர்களுக்கு மடல் வரைந்த மைமோனிடீஸ் என்னும் யூதப் பேரறிஞர், அவ்வாக்கு முகம்மது நபியைக் குறிக்காது என்று விரிவாக மறுத்தார். இயேசுவையும் அது குறிக்காது என்பதே யூதர்களின் நிலைப்பாடு. எங்கள் நூலை எங்கள் கையிலிருந்து பறித்து எங்களுக்கே பாடம் சொல்கின்றீர்கள் என்று இன்று முஸ்லிம்களை நோக்கி வருந்தும் கிறிஸ்தவர், அதே வருத்தத்தை யூதர்கள் தம்மை நோக்கி இருபது நூற்றாண்டுகளாகச் சொல்லி வருவதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

முஸ்லிம்களுக்கும் இவ்வனுபவம் உண்டு. மார்க்கத்திற்கு மேற்கே வோன் நகரில் அஹ்மதியா சமூகத்தினரின் பைத்துல் இஸ்லாம் பள்ளிவாசல் 1992இல் திறக்கப்பட்டது. குர்ஆன் கூறும் அஹ்மத் என்ற பெயர் தமது இயக்கத்தின் தாபகரான மிர்சா குலாம் அஹ்மதையும் (1835–1908) சுட்டும் என்று அவர்களுட் பலர் விளக்கம் கூறுவர். ஏனைய முஸ்லிம்கள் அதனை ஏற்பதில்லை. தமது வேதத்தைப் பிழையாகப் பொருள்கொள்கின்றனர் என்று அவர்கள் வேதனைப்படுகின்றனர்.

சைவர்களாகிய எம்மவரும் இதற்குப் புறம்பானவர்கள் அல்லர். திருவள்ளுவர் மயிலாப்பூரில் கிறிஸ்தவப் போதனையைக் கேட்டிருக்கக் கூடும் என்று ஜி. யு. போப் 1886இல் எழுதினார். 1969இல் மு. தெய்வநாயகம் வள்ளுவர் கிறிஸ்தவரே என்று வாதிட்டபோது தமிழுலகில் எழுந்த மறுப்பு சிறிதன்று. மறுதலையாக, ஆறுமுகநாவலர் என்ன செய்தார்? பேர்சிவல் பாதிரியாருடன் இருந்து விவிலியத்தைத் தமிழாக்க உதவியவர் அவர். அந்த அறிவைக் கொண்டே 1854இல் சைவதூஷண பரிகாரத்தை எழுதினார். சைவ ஆலய வழிபாட்டை இழித்துரைத்த மிஷனரிமாருக்கு, எருசலேம் ஆலயத்தின் பலியையும் தூபத்தையும் தீபத்தையும் அவர்களது வேதத்திலிருந்தே எடுத்துக்காட்டினார். ஆக, பிறர் நூலை வாதத்துக்கு எடுத்தாளாத சமயம் எதுவுமில்லை. பின்வந்தவர் முன்னைய நூலில் தம்மைக் காண்கின்றார், முன்னிருந்தவர் அதனை மறுக்கின்றார். இது ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரிய குணமோ குற்றமோ அன்று.

எனவே வாதமே கூடாது என்று நாம் கூறவரவில்லை. எவ்வாறு வாதிப்பது என்பதே கேள்வி. கி.பி. 781 அளவில் பக்தாத்தில் கலீபா அல்மஹ்தியும் கிழக்குத் திருச்சபையின் தலைவர் தீமோத்தேயுவும் இரு நாட்கள் உரையாடினர். மோசே சொன்ன தீர்க்கதரிசி யார், யோவான் சொன்ன தேற்றரவாளர் யார் என்ற இதே கேள்விகளைக் கலீபா கேட்டார். பேரரசின் அதிபதி முன்னிலையில், அவ்வாக்குகள் முகம்மதுவைக் குறிக்கா என்று தீமோத்தேயு அஞ்சாது மறுத்தார். எனினும் மக்களை ஓரிறை வழிபாட்டுக்குத் திருப்பியதனால் முகம்மது தீர்க்கதரிசிகளின் பாதையில் நடந்தார் என்றும் அவர் சொன்னார். இருண்ட வீட்டில் முத்தொன்று வீழ்ந்துவிட, எல்லோரும் தத்தம் கையில் ஒன்றைப் பற்றிக்கொண்டு அதுவே முத்து என்று நம்புகின்றனர். விடிந்தபின்னரே எவர் கையில் முத்து, எவர் கையில் கல் என்பது தெரியும் என்ற உவமையையும் அவர் கூறினார். முத்து தம் கையில் இருப்பதாக அவர் நம்பினார். ஆயினும் இருளில் நிற்பவர்களுள் தாமும் ஒருவர் என்பதை மறக்கவில்லை.

இதனோடு பிற்கால விவாதங்களை ஒப்பிட்டுப் பாருங்கள். நாவலர் நூல் எழுதிய அதே 1854இல் ஆக்ராவில் பாண்டர் பாதிரியாரும் மௌலானா ரஹ்மத்துல்லாவும் பெருங்கூட்டத்தின் முன் மோதினர். 1986இல் தென்னாபிரிக்காவின் அஹ்மத் தீதாத்தும் அமெரிக்கப் போதகர் ஜிமி சுவாகார்ட்டும் மேடையேறினர். அதன் ஒளிநாடா உலகெங்கும் சுற்றியது. கைதட்டுவதற்குக் கூட்டம் சேர்ந்தபின் பதிலைக் கேட்கும் பொறுமை எவருக்கு உண்டு? இன்று கைத்தொலைபேசியில் வருவனவோ அவ்விவாதங்களின் துணுக்குகள். கேள்வி இருக்கும், மறுமொழி வெட்டப்பட்டிருக்கும்.

இதனை நாம் இவ்வளவு அழுத்திக் கூறுவதற்குக் காரணம் உண்டு. 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரில் அவர்களுக்குக் கிடைத்தது இரண்டு மணி நேர அவகாசமே. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் உட்பட மூன்று ஆலயங்களிலும் கொழும்பு விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அடுத்த மாதமே வடமேல் மாகாணத்தில் ஒரு பாவமும் அறியாத முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. இங்கு மார்க்கத்திலும், 2023 ஏப்ரலில், நோன்பு மாதத்தில், டெனிசன் வீதிப் பள்ளிவாசலுக்கு வந்த ஒருவர் தொழவந்தவரை நோக்கி வாகனத்தைச் செலுத்தி, மதத்தை இழித்து வசைபாடியதாகப் பொலிசார் தெரிவித்தனர்.

இக்கொடுமைகள் எவையும் உபாகமத்துக்கு உரைகாண்பதில் எழுந்த பிணக்கால் விளைந்தவை அல்ல. ஆனால் அயலவரை ஏமாற்றுக்காரர் என்றும் அவரது வேதத்தைப் பொய்யென்றும் கேட்டுக் கேட்டுப் பழகிய செவிக்கு, அவரது வீடு எரியும்போது எழும் ஓலம் கேட்பதில்லை. அகதிகளாய் வந்த எமக்கு இதனை எவரும் விளக்கத் தேவையில்லை.

ஆகவே எம்மவரிடம் சில வேண்டுகோள்களை முன்வைக்கின்றோம். ஒரு வேதத்தின் பொருளை அறிய விரும்புவோர் அதனைப் பின்பற்றுவோரிடம் முதலிற் கேளுங்கள். மறுப்பதாயின் அவரது விளக்கத்தை அவரே ஏற்கும்படி எடுத்துக் கூறியபின் மறுங்கள். ஏட்டுச் சான்று இல்லாமல், மறைத்தார்கள் என்றோ திருடினார்கள் என்றோ சொல்லாதீர்கள். வெட்டி ஒட்டிய ஒளித்துண்டுகளைப் பிள்ளைகளுக்கு அனுப்பாதீர்கள். ஆலய, பள்ளிவாசல் நிர்வாகத்தினர் வெற்றி தோல்வி அறிவிக்கும் மேடைகளுக்கு மண்டபம் கொடுப்பதை விடுத்து, தமிழ் விவிலியத்தையும் அப்துல் ஹமீது பாகவி அவர்களின் தமிழ்க் குர்ஆனையும் ஒரே மேசையில் வைத்துப் பத்துப்பேர் அமர்ந்து வாசிக்க இடமளிக்கலாம். அத்தகைய வாசிப்பின் முடிவில் எவரும் மதம் மாறவேண்டியதில்லை. கிறிஸ்தவர் கிறிஸ்தவராகவும் முஸ்லிம் முஸ்லிமாகவும் எழுந்து செல்லலாம்.

மோசே சொன்னவர் வந்துவிட்டார் என்று இருசாராரும் நம்புகின்றனர். அவர் யார் என்பதில் மட்டுமே வேறுபாடு. வந்தவர் என்று தாம் நம்புபவரின் போதனைக்கு அமைய அயலவரை நடத்துகின்றோமா என்பதே, இவ்வாதத்தில் இறங்கும் ஒவ்வொருவரும் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய முதற் கேள்வி.