மடிக்குள்ளே பாசி

ஹரியானாவுக்கு மாட்டு டாக்டராக வந்து வருஷம் பல ஆச்சு. ஊரிலிருந்து அம்மா போன் பண்ணினால் முதல் கேள்வி, "அங்க பால் நல்லா கிடைக்குதாடா?" பாலுக்கு என்ன குறை! மடியில்தான் பிரச்சினை.

போன மாசம் ஒரு பசு. மாற்றி மாற்றி ஊசி போட்டும் மடிநோய் அடங்கவில்லை. பால் தண்ணியாகவே வந்தது. லேபில் பார்த்தால் பாக்டீரியா இல்லைங்க, பாசி! சேறும் சாணியும் கிடக்கும் ஈரத்தில் வாழும் புரோட்டோதீகா என்ற நிறமில்லாத பாசி. இது மடிநோய் உண்டாக்கும் என்பது 1952லேயே தெரியும். இன்றுவரை நம்பி எழுதித்தர ஒரு மருந்து இல்லை. ஆம்போடெரிசின் பி போன்ற பூஞ்சை மருந்துகள் லேபில் இதைக் கொல்கின்றன. மடித் திசுவுக்குள் புகுந்துவிட்டால் பலிப்பதில்லை.

மாட்டைப் பண்ணையிலிருந்து கழித்துவிடு என்பதுதான் பாடப்புத்தக வைத்தியம். பசுவதைத் தடைச் சட்டம் உள்ள மாநிலத்தில், இரண்டே மாடு வைத்திருப்பவர் எங்கே கழிப்பார்? தெருவில் விடுவார், இல்லை சொல்லாமல் சந்தையில் விற்பார். கூடவே பாசியும் போகும்.

அதனால்தான் சொல்கிறேன், இதற்கு மருந்து தேடும் அவசரம் மற்ற நாடுகளைவிட நமக்குத்தான் அதிகம்.

அதுவரை, ஊரில் மாடு வைத்திருக்கும் அப்பா, சித்தப்பாவிடம் சொல்லுங்க மக்களே: முதல் ஊசிக்குக் கேட்கவில்லையா, அடுத்ததைப் போடும் முன் பாலைச் சோதிக்கணும். நோய்ப்பட்ட மாட்டைக் கடைசியாகக் கறக்கணும். தொழுவம் காய்ந்திருக்கணும்.

அந்தப் பசுக்காரர் இன்னும் கேட்கிறார், "புது மருந்து வந்துச்சா டாக்டர் சாப்?"