ஜிஎஸ்டி குறைஞ்சும் கேமரா விலை ஏன் இறங்கல? வேலூர், ஆம்பூரில் முதல் கேமரா வாங்குவோர் கவனிக்க வேண்டியது என்ன?

2025 செப்டம்பர் 22-ம் தேதி புதிய ஜிஎஸ்டி விகிதங்கள் அமலுக்கு வந்தன. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் தொழிலுக்கு அதில் ஒரு நல்ல செய்தி இருந்தது. பதப்படுத்திய தோலுக்கான வரி 12 சதவீதத்தில் இருந்து 5 சதவீதமாக இறங்கியது. ஜோடி 2,500 ரூபாய் வரையிலான செருப்பு, ஷூவுக்கும் 5 சதவீதம்தான். ஏசி, பெரிய டிவிக்கான வரி 28-ல் இருந்து 18-க்கு வந்தது.

ஆனா கேமரா விலை மட்டும் அசையவே இல்லை. காரணம் ரொம்ப சிம்பிள். டிஜிட்டல் கேமராவுக்கான வரியை 28-ல் இருந்து 18 சதவீதமாக ஜிஎஸ்டி கவுன்சில் 2018 டிசம்பரிலேயே குறைத்துவிட்டது. 2019 ஜனவரி 1 முதல் கேமராவுக்கு 18 சதவீதம்தான். அதனால இந்த முறை குறைக்க எதுவும் இல்லை. "வரி இறங்கிடுச்சு, அதான் ஆஃபர்" என்று எந்தக் கடையாவது சொன்னால், அது வெறும் ஆஃபர்தான்.

இந்தக் கேள்வி இந்தப் பகுதியில் ஏன் முக்கியம்? 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது, ஏற்றுமதியை நம்பியிருக்கும் தோல் தொழிலை உலுக்கியது. வெளிநாட்டு ஆர்டர் ஆட்டம் காணும்போது, சிறிய யூனிட்கள் உள்நாட்டு ஆன்லைன் விற்பனை பக்கம் பார்வையைத் திருப்புவது இயல்பு. ஆன்லைனில் வாங்குபவர் ஷூவைத் தொட்டுப் பார்க்க முடியாது, படத்தைத்தான் பார்ப்பார். அப்படி ஒரு வேலை ஊரிலேயே உருவாகும்போது, கல்யாண போட்டோகிராஃபியோடு சேர்த்து இதையும் தொழிலாகப் பார்க்கிற இளைஞருக்கு முதல் கேமராவே பெரிய முதலீடு. தப்பான இடத்தில் காசைப் போட்டால், இஎம்ஐ முடிவதற்குள் அந்தக் கேமராவின் காலம் முடிந்துவிடலாம்.

டிஎஸ்எல்ஆர் இன்னும் வாங்கலாமா?

கடைகளில் இன்னமும் விலை குறைவான பெட்டி டிஎஸ்எல்ஆர்தான். கேனான் 1500டி 2018-ல் வந்த மாடல். 24 மெகாபிக்சல், அசையாத திரை, 9 ஃபோகஸ் புள்ளிகள். போட்டோ கற்றுக்கொள்ள இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிரச்சினை எதிர்காலத்தில்தான் இருக்கு.

உள்ளே கண்ணாடி இல்லாத 'மிரர்லெஸ்' கேமராக்கள், உலக அளவிலான ஏற்றுமதியில் 2020-ல் டிஎஸ்எல்ஆரை முந்தின. 2024-ல் மிரர்லெஸ் சுமார் 56 லட்சம் என்றால், டிஎஸ்எல்ஆர் சுமார் 10 லட்சம்தான். ஆரம்பநிலைக்காரர்களின் செல்லப்பிள்ளையாக இருந்த நிக்கான் டி3500, டி5600 தயாரிப்பு நின்றேபோனது. புது லென்ஸ், புது வசதி எல்லாம் மிரர்லெஸ் பக்கம்தான் வருகிறது.

ஆக, புது டிஎஸ்எல்ஆரை முழு விலை கொடுத்து வாங்குவதில் பெரிய அர்த்தம் இல்லை. பழைய டிஎஸ்எல்ஆரைக் குறைந்த விலைக்கு வாங்கி இரண்டு வருடம் கை பழகலாம், அது புத்திசாலித்தனம். ஆனா அதற்கு மேல் லென்ஸ் லென்ஸாக வாங்கிக் குவிக்காமல் இருப்பது நல்லது.

புதுசுதான் வேண்டும் என்றால் கேனான் ஆர்50, ஆர்100, நிக்கான் இசட் 30, சோனி இசட்வி-இ10 ஆகியவைதான் கடைக்காரர்கள் முதலில் எடுத்து வைப்பவை. இதில் இசட் 30, இசட்வி-இ10 இரண்டிலும் கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் கிடையாது. வேலூர் வெயிலில் கோட்டைக்கு வெளியே நின்று திரையைப் பார்த்துப் படம் எடுக்க முயன்றால் இதன் அருமை புரியும். ஆர்100-ல் வியூஃபைண்டர் உண்டு, ஆனா திரை தொடுதிரை இல்லை. செல்போனில் வளர்ந்த கைகளுக்கு அது எரிச்சல்தான். போட்டோ, வீடியோ இரண்டும் செய்ய நினைப்பவருக்கு இந்த நாலில் ஆர்50 பரவாயில்லை. கேனான் ஆர் வரிசைக்கு மற்ற கம்பெனி லென்ஸ்கள் கிடைக்காதது முன்பு பெரிய குறை. 2024-ல் சிக்மா, டாம்ரான் லென்ஸ்களுக்கு வழி திறந்த பிறகு அந்தக் குறையும் கொஞ்சம் தீர்ந்தது.

செகண்ட் ஹேண்டில் எங்கே சிக்கல்?

யூடியூபர்கள் மத்தியில் பிரபலமான கேனான் எம்50 இப்போது மலிவாகக் கிடைக்கும். அந்த 'எம்' வரிசையையே கேனான் நிறுத்திவிட்டது. அதன் லென்ஸ்களைப் புதிய ஆர் வரிசை கேமராக்களில் மாட்டவும் முடியாது. மலிவு ஏன் என்பதற்கு விடை அதுதான்.

நிக்கானில் வேறு ஒரு பொறி. '50 எம்எம் எஃப்/1.8 டி' என்ற பழைய லென்ஸ் குறைந்த விலைக்கு வரும். டி3500, டி5600 போன்ற கேமராக்களின் உடலில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. அதனால இந்த லென்ஸை மாட்டினால் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யாது. 'ஏஎஃப்-எஸ்' அல்லது 'ஏஎஃப்-பி' என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

லென்ஸை டார்ச் அடித்துப் பார்ப்பது கட்டாயம். சிலந்தி வலை மாதிரி தெரிந்தால் பூஞ்சை. தோல் ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரு வேடிக்கை: லென்ஸை நாள் கணக்கில் தோல் உறையில் பூட்டி வைக்கக் கூடாது. தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவும், ஷூ பெட்டிக்குள் போடும் சிலிக்கா ஜெல் பாக்கெட்டும் போதும்.

புதுசு என்ற பெயரில் வரும் 'கிரே மார்க்கெட்' சரக்கும் இருக்கு. பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், எம்ஆர்பி ஸ்டிக்கர் இல்லை என்றால் இந்திய வாரண்டியும் இருக்காது.

ஷூ படம் எடுக்க எந்த கேமரா?

உண்மையைச் சொன்னால், இந்த வேலைக்கு கேமரா இரண்டாம் பட்சம். ஒரு பொருளின் முதன்மைப் படத்துக்கு அமேசான் கேட்பது இதுதான்: சுத்தமான வெள்ளைப் பின்னணி, சட்டத்தில் 85 சதவீதத்தைப் பொருள் நிரப்ப வேண்டும், ஜூம் வேலை செய்ய நீளமான பக்கம் 1,000 பிக்சலாவது வேண்டும். ஷூ என்றால் ஒற்றை ஷூ, இடப்பக்கம் பார்த்து, 45 டிகிரி கோணத்தில். 24 மெகாபிக்சல் கேமரா தருவது 6,000 பிக்சல், 12 மெகாபிக்சல் போனே 4,000 தரும். மெகாபிக்சல் கணக்கு இங்கே எடுபடாது.

தோலில் கஷ்டமே வெளிச்சம்தான். கருப்பு ஷூவை ஃபிரேம் முழுக்க வைத்து ஆட்டோவில் எடுத்தால் சாம்பல் நிறமாக வரும். வெள்ளைப் பின்னணி அதிகமாக இருந்தால் நேர்மாறு: வெள்ளை அழுக்காகும், ஷூவின் தையல் இருட்டில் கரையும். எதைப் பார்த்தாலும் நடுத்தர சாம்பலாக்கப் பார்ப்பது கேமரா மீட்டரின் குணம். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை முதல் வழக்கில் மைனஸிலும், இரண்டாவதில் பிளஸ் 1 அல்லது அதற்கு மேலும் வைத்தால் சரியாகும்.

கேமரா மேல் இருக்கும் ஃபிளாஷை அடித்தால் ஷூ முனையில் வெள்ளைப் புள்ளி விழும். ஜன்னலுக்குப் பக்கத்தில் மேசை, ஜன்னலில் பட்டர் பேப்பர் அல்லது வெள்ளைத் துணி, எதிர்ப்பக்கம் ஒரு தெர்மோகோல் அட்டை. இந்தச் செட்டப்புக்கு ஆகும் செலவு ஒரு பிரியாணி விலைதான். பளபள பேட்டன்ட் தோலில் படம் எடுப்பவரின் முகமே தெரியும், அங்கே பக்கவாட்டில் கருப்பு சார்ட் வைத்தால் விளிம்பு எடுப்பாக வரும். தோலின் கண்ணைக் கூசும் பளபளப்பைக் குறைக்க சர்குலர் போலரைசர் ஃபில்டர் உதவும், உலோக பக்கிளுக்கு உதவாது. டிரைபாடில் வைத்து எஃப்/8 அல்லது எஃப்/11-ல் எடுத்தால் முனை முதல் குதிகால் வரை தெளிவாக இருக்கும். கேமராவோடு வரும் 18-55 கிட் லென்ஸே 50 எம்எம் பக்கம் இதை நன்றாகச் செய்யும். போனை மிக அருகில் கொண்டுபோனால் ஷூ முனை வீங்கித் தெரியும், தள்ளி நின்று 2எக்ஸ் ஜூமில் எடுப்பதே சரி.

நிறம் இன்னொரு தலைவலி. டேன், செர்ரி போன்ற நிறங்கள் மலிவான எல்இடி விளக்கில் மாறிப்போகும். படத்தில் ஒரு நிறம், பெட்டியில் ஒரு நிறம் என்றால் ஷூ திரும்பி வரும். நஷ்டம் யூனிட்காரருக்கு. அடுத்த ஆர்டர் போவது படம் எடுத்தவருக்கு.

கல்யாண வேலைன்னா கணக்கு வேற

மண்டப வெளிச்சத்தில் கிட் லென்ஸ் திணறும். எஃப்/5.6-ஐ விட எஃப்/1.8 லென்ஸ் சுமார் 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். அதனால 60,000 ரூபாய் கையில் இருந்தால் மொத்தத்தையும் கேமரா உடலில் போடாமல், ஒரு மாடல் கீழே இறங்கி, மிச்சத்தில் எஃப்/1.8 லென்ஸும் கூடுதல் பேட்டரியும் வாங்குவதுதான் சரி. முதல் சில மாதம் வாடகைக்கு எடுத்து வேலை செய்து பார்த்துவிட்டு வாங்கினால் இன்னும் பாதுகாப்பு.

பில் யார் பேரில்?

பலரும் கவனிக்காத விஷயம் இது. 60,000 ரூபாய் பில்லில் ஜிஎஸ்டி மட்டும் சுமார் 9,150 ரூபாய். ஆண்டு வருமானம் 20 லட்சத்துக்குக் கீழே இருந்து ஜிஎஸ்டி பதிவு செய்யாத போட்டோகிராஃபருக்கு அது போனது போனதுதான். அதே கேமராவை வழக்கமான ஜிஎஸ்டி பதிவு உள்ள ஷூ யூனிட் தன் தொழிலுக்காக, தன் ஜிஎஸ்டி எண்ணில் பில் போட்டு வாங்கினால், அந்த வரியை உள்ளீட்டு வரி வரவாக எடுக்கலாம். காம்போசிஷன் திட்டத்தில் இருந்தால் கிடையாது. வரித் தொகைக்கும் சேர்த்துத் தேய்மானம் காட்டினாலும் கிடையாது. எனவே ஒரே யூனிட்டுக்குத் தொடர்ந்து படம் எடுப்பவர், கேமராவை யூனிட் வாங்கட்டும், வேலைக்கு மட்டும் கூலி என்று பேசிப் பார்க்கலாம்.