விண்வெளிச் சட்டம் எப்போது?

சுபான்ஷு சுக்லாவின் விண்வெளிப் பயணம் குறித்து 2025 ஆகஸ்ட் 18-ல் மக்களவையில் தொடங்கிய சிறப்பு விவாதம் அமளியில் முடங்கியது. முழுமையாக நடந்திருந்தால் மட்டும் என்ன? 2023 செப்டம்பரில் சந்திரயான்-3 வெற்றியை இரு அவைகளும் மணிக்கணக்கில் பாராட்டின. ஆனால், 2017 நவம்பரில் வரைவு வெளியிடப்பட்ட விண்வெளிச் செயல்பாடுகள் மசோதா இவ்விரு தருணங்களிலும் அவையை எட்டியிருக்கவில்லை.

இதற்கிடையே தனியார் ராக்கெட்டுகள் பறக்கத் தொடங்கிவிட்டன. ஹைதராபாதின் ஸ்கைரூட் 2022-லும், சென்னையின் அக்னிகுல் 2024-லும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சோதனை ராக்கெட்டுகளைச் செலுத்தின. தனியாருக்கு அனுமதி வழங்கும் 'இன்-ஸ்பேஸ்' அமைப்போ 2020-ல் அமைச்சரவை முடிவால் உருவானது. நாடாளுமன்றச் சட்டத்தால் அல்ல.

இது வெறும் நடைமுறைப் பிரச்னை அல்ல. இந்தியாவும் ஏற்றுள்ள 1972-ஆம் ஆண்டு சர்வதேச உடன்படிக்கையின்படி, ராக்கெட் தனியாருடையதே ஆனாலும், அது வேறொரு நாட்டின் தரையில் விழுந்து சேதம் விளைவித்தால் ஏவிய நாடே முழு இழப்பீடும் தர வேண்டும். அதாவது, வரி செலுத்துவோரின் பணம். அதில் எவ்வளவை நிறுவனத்திடம் வசூலிப்பது, எத்தனை கோடிக்குக் காப்பீட்டைக் கட்டாயமாக்குவது என்பதை அதிகாரிகளின் வழிகாட்டு நெறிமுறைகளுக்கு விட்டுவிடலாகாது. அடுத்த பாராட்டு விவாதத்துக்கு நாள் குறிக்கும் முன், மசோதாவை மத்திய அரசு அவையில் தாக்கல் செய்யட்டும்.