வெறும் வலைக்கு அபராதம் கிடையாது

"எடையைக் கூட பாத்துக்கத் தெரியாதவனுக்கு எதுக்குய்யா குஸ்தி?"

அமன் ஷெராவத் பேச்சை எடுத்தாலே இந்த ஒரு கேள்வியைத் தூக்கிப் போட்டுட்டு, ஏதோ பெரிய தத்துவத்தை உதிர்த்த மாதிரி மீசையை முறுக்கிக்கிறாங்க நம்ம மக்கள். நாலு நண்பர்கள் நேர்ல கேட்டாச்சு, ரெண்டு பேர் போன்ல கேட்டாச்சு. தனித்தனியா பதில் சொல்லி வாய் வலிக்குது. அதனால மொத்தமா இங்கயே சொல்லிடறேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்குங்க.

முதல்ல கதை தெரியாதவங்களுக்கு. ஹரியானா ஜஜ்ஜர் மாவட்டத்துக்காரர் அமன். 2003ல பிறந்தவர். சின்ன வயசுலயே அப்பா, அம்மா ரெண்டு பேரையும் இழந்தவர். டெல்லி சத்ரசால் ஸ்டேடியத்துல வளர்ந்தவர்னே சொல்லலாம். 2022ல 23 வயசுக்குட்பட்டோர் உலகப் போட்டியில தங்கம், 2023ல ஆசிய சாம்பியன். 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல 57 கிலோ ஃப்ரீஸ்டைல்ல வெண்கலம். அப்போ வயசு 21. தனிநபர் பிரிவுல ஒலிம்பிக் பதக்கம் வாங்கின இந்தியர்கள்லயே ரொம்ப இளையவர் இவர்தான்.

2025 செப்டம்பர். குரோஷியாவுல ஜாக்ரெப் நகரத்துல உலக சாம்பியன்ஷிப். காலையில எடை பார்த்தா 57 கிலோவுக்கு மேல 1.7 கிலோ இருந்தார். ஒரு ஆட்டம் கூட ஆடாம வெளியே. அக்டோபர்ல இந்திய மல்யுத்த கூட்டமைப்பு ஒரு வருஷம் தடைன்னு அறிவிச்சுது. நவம்பர்ல அதே கூட்டமைப்பு தடையை வாபஸ் வாங்கிக்கிச்சு.

"அதான் வாபஸ் வாங்கிட்டாங்களே, அப்புறம் என்ன?"ன்னு கேக்காதீங்க. வாபஸ் வாங்கினதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். தடைக்கும் மன்னிப்புக்கும் நடுவுல ரெண்டு மாசம் கூட இல்ல. அப்படின்னா ஒரு வருஷம்ங்கற அளவு எந்தத் தராசுல நிறுத்தது? 2025 அக்டோபர்லேர்ந்து ஒரு வருஷம்னா, 2026 செப்டம்பர் 19லேர்ந்து அக்டோபர் 4 வரைக்கும் ஜப்பானின் ஐச்சி-நகோயாவுல வர்ற ஆசிய விளையாட்டுப் போட்டி சுத்தமா காலி. 22 வயசுப் பையனோட வாழ்க்கையில நாலு வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற வாய்ப்பை, ஒரு கையெழுத்துல எடுத்து இன்னொரு கையெழுத்துல குடுக்கறாங்க. குடுத்ததுக்கு நாம நன்றி வேற சொல்லணுமாம்.

இப்ப எங்க ஊர்க் கதைக்கு வர்றேன். குஸ்தி பதிவுல பழவேற்காடு எதுக்குன்னு கேக்கறவங்களுக்கு, அவசரப்படாதீங்க, சம்பந்தம் இருக்கு.

சிலிகாவுக்கு அடுத்தபடி இந்தியாவின் ரெண்டாவது பெரிய உவர்நீர் ஏரி எங்களது. ஏரி பெருசா இருக்கேன்னு எவன் வேணா எங்க வேணா வலை கட்டிட முடியாது. முகத்துவாரம் பக்கம் இறால் நல்லாப் படற இடங்கள் கொஞ்சம்தான். அந்த இடங்களுக்கு 'பாடு'ன்னு ஒரு முறை வச்சிருக்காங்க. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதா குப்பம்னு ஊர் ஊரா முறை. ஊருக்குள்ள ஆளுக்கு ஆள் முறை. சீட்டுப் போட்டு எடுப்பாங்க. உன் முறை வந்த நாள்ல அந்த இடம் உனக்கு. சுத்து வலை கட்டு, கிடைச்சா அள்ளு. கிடைக்கலன்னா வெறும் வலையோட வீட்டுக்குப் போ.

இதுல நீங்க கவனிக்க வேண்டிய விஷயம் ஒண்ணே ஒண்ணு. வெறும் வலையோட வந்தவனுக்கு அடுத்த முறை அப்படியே இருக்கும். "நல்ல பாட்டை வீணாக்கிட்டான், ஊருக்கே அவமானம், ஒரு வருஷம் ஏரிப் பக்கமே வரக்கூடாது"ன்னு எந்தப் பஞ்சாயத்தும் சொல்லாது. வலையை முன்னாடி நாளே சரி பாக்காதவனா இருந்தாலும், நீரோட்டம் தெரியாம கட்டினவனா இருந்தாலும் பெருசுங்க நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி நாலு வார்த்தை கேப்பாங்க, அவ்வளவுதான். ஆனா அடுத்தவன் முறையில திருட்டுத்தனமா வலை போட்டவனை விட மாட்டாங்க. அவனுக்கு அபராதம் உண்டு.

அதாவது திருட்டு வேற, தோல்வி வேற. எழுத்து வாசனை அதிகம் இல்லாத எங்க தாத்தா காலத்து ஆளுங்களுக்கே தெரிஞ்ச வித்தியாசம் இது. டெல்லியில கோட் போட்டு உக்காந்திருக்கறவங்களுக்கு ஏன் தெரியல?

(பாடு முறையை நான் தலையில வச்சு ஆடறேன்னு நினைக்காதீங்க. அது எல்லாருக்கும் கிடையாது. தண்ணியில உக்காந்து கையால தடவி இறால் பிடிக்கிற இருளர் மக்களுக்கு அந்தச் சீட்டுல பேரே இல்ல. அந்த அநியாயத்தைத் தனிப் பதிவாவே எழுதணும். ஆனா உள்ளே இருக்கறவனை எப்படி நடத்தணும்ங்கற ஒரு விஷயத்துல அது கூட்டமைப்பை விட நூறு மடங்கு தெளிவு.)

சரி, எடைக்கு வருவோம். "1.7 கிலோ அலட்சியம்தானே?"ங்கறாங்க.

பாரிஸ்ல என்ன நடந்துச்சு? அரையிறுதி முடிஞ்ச ராத்திரி அமன் எடை 61.5 கிலோ. மறுநாள் காலையில 57க்குள்ள வரணும். சுமார் பத்து மணி நேரத்துல 4.6 கிலோ இறக்கினார். தூக்கம் கிடையாது. ஓட்டம், நீராவி அறை, திரும்ப ஓட்டம். அப்போ பத்திரிகை எல்லாம் என்ன எழுதிச்சு? "இரும்பு மனசு", "தவம்"! நாமளும் கைதட்டினோம். ஒரு வருஷம் கழிச்சு அதே உடம்பு ஒரு நாள் காலையில ஒத்துழைக்கல. உடனே "ஒழுக்கம் இல்லாதவன்". ஏங்க, 21 வயசுல ஒரு ராத்திரியில நாலரை கிலோ இறக்க வேண்டி வந்துச்சுன்னா, அந்த உடம்பு 57ஐ விட்டு வளர்ந்துக்கிட்டு இருக்குன்னு அன்னிக்கே யாருக்காவது உறைச்சிருக்க வேணாமா? கூட இருந்த பயிற்சியாளர்கள், டாக்டர்கள், கூட்டமைப்பு... இவங்க யார்கிட்டயும் தராசு இல்லையா? ஜாக்ரெப்புக்கு முன்னாடி குரோஷியாவுலயே முகாம் வேற நடந்துச்சு. கோச்சுங்க கிட்ட விளக்கம் கேட்டாங்க, உண்மைதான். ஆனா வருஷம் பறிபோனது பையனுக்கு மட்டும்.

இப்ப ஜப்பானைப் பாருங்க. பாரிஸ் அரையிறுதியில அமனை 10-0ன்னு தூக்கிப் போட்டவர் ஹிகுச்சி ரெய். கடைசியில தங்கமும் அவருக்குத்தான். அவரோட முந்தின கதை நம்ம ஊர்ல நிறைய பேருக்குத் தெரியாது. 2016 ரியோவுல 20 வயசுல வெள்ளி. "அடுத்தது தங்கம்"னு எல்லாரும் எழுதிட்டாங்க. 2021 ஏப்ரல்ல, டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கான ஆசியத் தகுதிப் போட்டி கஜகஸ்தான்ல. எடை பார்த்தா 50 கிராம் அதிகம். ஐம்பதே கிராம்! வெளியே அனுப்பிட்டாங்க. அதுவும் சொந்த நாட்டுல நடக்கற ஒலிம்பிக்ஸுக்கு.

ஜப்பான் கூட்டமைப்பு என்ன பண்ணுச்சு? வேற ஒரு வீரர் யூகி தகாஹாஷியை அடுத்த தகுதிப் போட்டிக்கு அனுப்பி, அவர் இடத்தை வாங்கிட்டு வந்ததும், ரெண்டு பேருக்கும் நேருக்கு நேர் ஒரு போட்டி வச்சுது. ஜெயிக்கறவன் போகட்டும். ஹிகுச்சி தோத்தார். டோக்கியோ போச்சு. தவறினதுக்கு விலை அதுதான், அதை அவர் மேட் மேலயே குடுத்தார். யாரும் அவரை மேட்டுக்கு வெளியே தள்ளல. அடுத்த வருஷமே 61 கிலோவுல உலக சாம்பியன். அப்புறம் திரும்ப 57க்கு வந்து பாரிஸ்ல தங்கம். 50 கிராமுக்காக அவரை முடக்கிப் போட்டிருந்தா அந்தத் தங்கம் எங்கிருந்து வந்திருக்கும்?

பாரிஸ்ல வினேஷ் போகத் இறுதிப் போட்டிக்கு முன்னாடி 100 கிராமுக்காக வெளியேற்றப்பட்டப்போ, அவருக்கு ஆறுதலா எழுதினவர்கள்ல இதே ஹிகுச்சியும் ஒருத்தர். உங்க வலி எனக்குத்தான் நல்லாப் புரியும்ங்கற மாதிரி எழுதியிருந்தார். நம்ம ஊர்ல அன்னிக்கு வினேஷைத் திட்டினவங்க எத்தனை பேர்னு தனியா சொல்லணுமா? முதல் சுற்றுல சர்வதேசப் போட்டிகள்ல தோல்வியே காணாத யூய் சுசாகியை சாய்ச்சவங்க அவங்க. ஓய்வு அறிவிச்சு, அரசியலுக்குப் போயி, எம்.எல்.ஏ. ஆகி, 2025 டிசம்பர்ல "திரும்ப வர்றேன்"னு சொல்லியிருக்காங்க. அந்த நடு வருஷங்களுக்கு யார் பொறுப்பு?

பாரிஸ்ல ஜப்பான் மல்யுத்தத்துல மட்டும் 8 தங்கம். அவங்க பசங்களுக்கு என்ன ரெண்டு எலும்பு எக்ஸ்ட்ராவா இருக்கு? தோத்தவனைத் திரும்ப வரவிடற ஏற்பாடு இருக்கு. அவ்வளவுதான் என் கட்சி.

இனி அமன் முன்னாடி இருக்கற வழிகள் என்ன? ஒலிம்பிக்ஸ்ல 57க்கு அடுத்தது நேரா 65. நடுவுல 61 உலகப் போட்டியில உண்டு, ஒலிம்பிக்ஸ்ல கிடையாது. 57லயே இருந்தா ஒவ்வொரு போட்டிக்கும் உடம்பைப் பிழியணும். 65க்குப் போனா எட்டு கிலோ பெரிய ஆளுங்களோட மோதணும், ரெண்டு வருஷமாவது பழகணும், ஆரம்பத்துல தோப்பார். ஹிகுச்சியும் ரியோவுக்கு அப்புறம் 65ஐ முயற்சி பண்ணிட்டு இறங்கி வந்தவர்தான். எது சரின்னு நான் சொல்ல மாட்டேன். நீங்களும் டீக்கடையில உக்காந்து சொல்லாதீங்க. அமனும், அவர் டாக்டரும், அவர் கோச்சும் முடிவு பண்ணட்டும். ஆனா ஒரு தடவை தவறினா ஒரு வருஷம் காலின்னு தலைக்கு மேல கத்தி தொங்கும்போது எந்தப் பையன் 65க்குப் போகத் துணிவான்? ரயில்வே வேலை இருக்கு, பதக்கம் வாங்கினதும் பதவி உயர்வும் குடுத்தாங்க. பேசாம அதைப் பிடிச்சுக்கிட்டு உக்காரத்தான் தோணும்.

எனக்கு இதுல ஏன் இவ்வளவு கோபம்னு கேட்டீங்கன்னா, அமனுக்காக மட்டும் இல்ல. எங்க குப்பத்துல மணல்ல கபடி ஆடற பசங்க இருக்காங்க. பன்னெண்டு வயசுலேர்ந்து துடுப்புப் போட்டு, வலை இழுத்து, தோளும் முதுகும் பாறை மாதிரி. எந்த அகாடமியும் குடுக்க முடியாத உடம்பு அது. அந்தப் பையனோட அம்மா கேக்கறது ஒரே கேள்விதான்: "போய் ஆடி, நடுவுல ஒரு தடவ சறுக்குனா என்னா ஆவும்?"

ஏரியை நம்பலாமான்னா அதுவும் முன்ன மாதிரி இல்ல. முகத்துவாரம் மணல் அடைச்சா இறால் உள்ளே வராது. எண்ணூர், காட்டுப்பள்ளின்னு துறைமுகம் பக்கம் போனா காண்ட்ராக்ட் வேலை. அரசு வேலையில விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கு, நல்ல விஷயம். ஆனா அது ஜெயிச்சு வந்தவனுக்கு. ஜெயிக்கறதுக்கு முன்னாடி சறுக்கினவனுக்கு என்ன இருக்கு? ஒலிம்பிக் பதக்கம் கழுத்துல தொங்கறவனையே ஒரு காலை எடைக்காகத் தூக்கி எறியற நாட்டுல, பேரே தெரியாத குப்பத்துப் பையனை எவன் தாங்குவான்னு அந்தம்மா கணக்குப் போடுது. அந்தக் கணக்குல தப்பு கண்டுபிடிக்க என்னால முடியல. உங்களால முடியுமா?

எங்க ஏரிக்கு அந்தப் பக்கம்தான் ஸ்ரீஹரிகோட்டா. 1979 ஆகஸ்டுல எஸ்.எல்.வி-3 முதல் ராக்கெட் கடல்ல விழுந்துச்சு. திட்ட இயக்குநர் அப்துல் கலாம். "ராக்கெட் விடத் தெரியாதவனுக்கு எதுக்கு விஞ்ஞானம்?"னு அன்னிக்கு யாராவது தடை போட்டிருந்தா, 1980 ஜூலையில மேலே போனது எப்படிப் போயிருக்கும்? தலைவர் சதீஷ் தவான் பத்திரிகைக்காரங்க முன்னாடி தானே நின்னு பதில் சொன்னார். கூட்டமைப்புல அப்படி ஒருத்தர் முன்னாடி வந்து நின்னாரா?

விமர்சனம் மட்டும் பண்ணினா எப்படின்னு கேப்பீங்க. சரி, மூணே மூணு:

1. ஏமாத்தினவனைத் தண்டிங்க. ஊக்கமருந்து, வயசு மோசடி, இதுக்கெல்லாம் தடை போடுங்க. 2025ல பொய் பிறப்புச் சான்றிதழ் குடுத்தவங்களைக் கூட்டமைப்பு தடை பண்ணுச்சு. சபாஷ். அதே கம்பை எடுத்து எடை தவறினவனையும் அடிக்காதீங்க.

2. எடை தவறினா அந்தப் போட்டி போச்சு, அதுவே தண்டனை. அடுத்த போட்டிக்கு இடம் வேணும்னா தகுதிச் சுற்றுல திரும்ப ஜெயிச்சுட்டு வரச் சொல்லுங்க. செலவான பணத்துக்கு அபராதம் வேணும்னாலும் போடுங்க.

3. முகாம்ல வாரா வாரம் எடையை எழுதி வைங்க. ஏறிக்கிட்டே போனா கோச்சும் டாக்டரும் கையெழுத்துப் போட்டு பதில் சொல்லட்டும். எந்தப் பிரிவுல ஆடறதுங்கற முடிவுல பையனோட வார்த்தைக்கு மரியாதை குடுங்க.

இது மூணும் இருந்தா, அந்தம்மா கேக்கற கேள்விக்கு "சறுக்குனா திரும்ப ஏறலாம்க்கா"ன்னு நான் தைரியமா பதில் சொல்வேன். இன்னிக்கு சொன்னா பொய்.

பி.கு.: "எடையைக் கூட பாத்துக்கத் தெரியாதவன்"னு திரும்பவும் கிளம்பற அண்ணன்மார்களுக்கு ஒரு சவால். இன்னிக்கு ராத்திரி தராசுல ஏறி நில்லுங்க, நாளைக்குக் காலையில ஒண்ணே முக்கால் கிலோ குறைச்சுட்டு வாங்க. தொப்பையோட வந்தாலும் பரவாயில்ல, ஒரு வருஷம் தடையெல்லாம் போட மாட்டேன் :-)